அறைக்காரர் ஒருவர் செய்தால் லாட்ஜுக்கே அடியா? – வாசகர் கேள்வி பதில்

கார்த்திகை பிறந்தால் பேட்டைக்குப் பேட்டை வைஃபை பாஸ்வேர்ட் கேட்கும் சீசன் வந்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பலர் சேர்ந்து பயன்படுத்தும் நெட்டைப் பற்றியவை. அதனால் ‘போன் சூடாகிறது’, ‘சார்ஜ் நிற்கவில்லை’ கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்கப்படுகின்றன. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் எங்கள் லாட்ஜ் நிரம்பி வழிகிறது. வைஃபையில் சில வெப்சைட்டைத் திறந்தால் ‘உங்கள் நெட்வொர்க்கிலிருந்து சந்தேகமான நடவடிக்கை’ என்று சொல்லி, படத்தில் பஸ் எங்கே, டிராஃபிக் லைட் எங்கே என்று தொடச் சொல்கிறது. ஒரு தளம் மொத்தமாகவே அடைத்துவிட்டது. மொபைல் டேட்டாவில் அதே தளம் திறக்கிறது. அறை காலி செய்து புது ஆட்கள் வந்தும் தொல்லை போகவில்லை. யாரோ ஒருவர் செய்ததற்கு எல்லோருக்கும் அடியா?
– லாட்ஜ் மேலாளர், கன்னியாகுமரி

பதில்: ஆமாம் அண்ணாச்சி, எல்லோருக்கும்தான் அடி. உங்கள் லாட்ஜில் எத்தனை அறை, எத்தனை போன் என்பது அந்தத் தளத்தின் காவலுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு போனுக்கும் உங்கள் ரவுட்டர் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி கொடுக்கிறது. வெளியே போகும்போது அத்தனையையும் நெட் கம்பெனி கொடுத்த ஒற்றை ஐபி முகவரியாக மாற்றி அனுப்புகிறது. எந்தப் பதில் எந்த போனுக்குப் போக வேண்டும் என்ற கணக்கு ரவுட்டரிடம் மட்டும் இருக்கும். வெளியே இருப்பவருக்கு 12-ஆம் நம்பர் அறையும் 31-ஆம் நம்பர் அறையும் ஒரே ஆள்.

அந்த ஒரே ஆளை எதை வைத்துச் சந்தேகப்படுகிறார்கள்? பெரும்பாலும் வேகத்தை வைத்து. ஒரு மனிதர் நிமிஷத்துக்கு நாலைந்து பக்கம் பார்ப்பார். ஒரே முகவரியிலிருந்து நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் கோரிக்கை வந்தால் அது மனிதரல்ல, இயந்திரம் என்று முடிவு கட்டுவார்கள். பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடிப்பதும் கணக்கில் வரும். ஃபெயில்டுபேன் என்று ஓர் இலவச மென்பொருள் ஏராளமான சர்வர்களில் ஓடுகிறது. அது சர்வரின் லாக்கை, அதாவது யார் வந்தார், என்ன கேட்டார் என்ற பதிவேட்டைப் படித்துக்கொண்டே இருக்கும். அமைப்பை மாற்றாமல் அப்படியே விட்டால், பத்து நிமிஷத்துக்குள் 5 தடவை தவறிய முகவரியைப் பத்து நிமிஷம் வெளியே நிறுத்திவிடும். இதெல்லாம் போக முகவரிக்கென்று ஒரு பழைய பெயரும் உண்டு. ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு, குப்பை மெயில் அனுப்பும் முகவரிகளையும் வைரஸ் பிடித்த முகவரிகளையும் பட்டியல் போட்டு வைக்கிறது. 1998-லிருந்து இதுதான் அவர்கள் வேலை. பட்டியலில் உங்கள் முகவரி ஏறிவிட்டால், இன்று காலை பெட்டியோடு வந்து இறங்கிய குடும்பமும் அந்தக் கெட்ட பெயரோடுதான் நெட்டுக்குள் நுழைகிறது.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். ஆட்கள் மாறியும் தொல்லை மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அந்த வரிதான் முக்கியம். அறைக்காரர் போய்விட்டார், பிரச்சினை போகவில்லை என்றால் ஆசாமி அறையில் இல்லை. ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் இருக்கிறான். அநேகமாக உங்கள் சிசிடிவி டிவிஆர் பெட்டி.

2016-ல் மிராய் என்றொரு தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது. அது கம்ப்யூட்டர்களைத் தேடவில்லை. கேமரா, டிவிஆர், மலிவு ரவுட்டர் ஆகியவற்றைத் தேடியது. கையில் வைத்திருந்தது கம்பெனி போட்டு அனுப்பும் 60-க்கும் மேற்பட்ட யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள் மட்டும்தான். அட்மின், அட்மின். ரூட், 12345. இந்த ரகம். அந்த அக்டோபரில், வெப்சைட் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களை இப்படிப் பிடித்த பெட்டிகளை வைத்துத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. மிராயின் நிரல் வெளியே கசிந்துவிட்டதால் அதன் வாரிசுகள் இன்றைக்கும் உலவுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ரவுட்டர் பக்கத்தில் உள்ளே போய், நடப்பு இணைப்புகளின் பட்டியலைத் திறங்கள். ஒரு விருந்தினர் போனுக்கு எதிரே கொஞ்சம் இணைப்புகள் இருக்கும். போர்ட் என்பது கம்ப்யூட்டரின் எண் போட்ட கதவு. முக்கால்வாசி இணைப்பு வெப்சைட்டுக்கான 443 என்ற போர்ட்டுக்கு, போய் வந்துகொண்டு இருக்கும். டிவிஆரின் முகவரிக்கு எதிரே பாருங்கள். வரிக்கு வரி புதுப்புது வெளிநாட்டு முகவரி, போர்ட் மட்டும் எல்லாவற்றிலும் 23 அல்லது 2323, எதற்கும் பதில் வராமல் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பெட்டி அடுத்த வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேமரா பதிவு செய்ய வேண்டிய பெட்டிக்கு உலகத்தோடு அவ்வளவு பேச்சு எதற்கு?

மிராய் நினைவகத்தில் மட்டும் வாழும் ரகம். கரண்டை அணைத்துப் போட்டால் போய்விடும், ஆனால் பழைய பாஸ்வேர்டோடு திரும்ப இணைத்தால் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் நெட் வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டை மாற்றி, கம்பெனி புது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) கொடுத்திருந்தால் அதையும் ஏற்றி, அப்புறம் வயரைச் செருகுங்கள். ரவுட்டரில் யூபிஎன்பி என்று ஒரு வசதி இருக்கும். டிவிஆர் தானாகவே வெளியுலகத்துக்கு வாசல் திறந்துகொள்வது அதன் வழியாகத்தான். அதை அணைத்துவிடுங்கள். முதலாளி வீட்டிலிருந்து கேமரா பார்க்க ஆசைப்பட்டால் அதற்கு விபிஎன் என்ற பூட்டிய தனி வழி போட்டுக் கொடுங்கள். வாசலைத் திறந்து போட வேண்டாம்.

அடுத்தது, லாட்ஜ் நெட்டை மூன்றாகப் பிரியுங்கள்: பில் போடும் கம்ப்யூட்டர் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம், விருந்தினர் ஒரு பக்கம். வயர்களை ஒன்று சேர்க்கும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர்; ஒரே பெட்டியில் தனித்தனி நெட்டாகப் பிரிக்கும் ‘வீலேன்’ வசதியுள்ள சுவிட்ச் இப்போது சிறு லாட்ஜுக்கும் கட்டுப்படியாகிற விலைதான். விருந்தினர் பக்கத்தில் ‘கிளையன்ட் ஐசோலேஷன்’ என்பதை டிக் செய்தால், வைஃபையில் இருக்கும் ஒரு போன் இன்னொரு போனைப் பார்க்கவே முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் வந்தபோது ஒரு கம்ப்யூட்டரில் பிடித்தால் அதே நெட்வொர்க்கில் இருந்த மற்றவற்றுக்கு 445-ஆம் போர்ட் வழியாகத் தானே தாவியது. நடுவில் சுவர் இருந்த இடங்களில் தாவ வழியில்லை. விருந்தினர் பக்கத்திலிருந்து 23, 25, 445 ஆகிய போர்ட்டுகள் வெளியே போவதையும் மூடிவிடுங்கள். தரிசனத்துக்கு வந்தவர் யாருக்கும் அவை தேவைப்படாது.

இதெல்லாம் செய்த பிறகு ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் உங்கள் ஐபியைத் தேடி, பட்டியலில் இருந்தால் நீக்கச் சொல்லிக் கேளுங்கள். நோய் தீராமல் கேட்டால் திரும்ப ஏற்றிவிடுவார்கள்.

இன்னொரு சங்கதி. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், நெட் கம்பெனி உங்களையும் இன்னும் பல வாடிக்கையாளர்களையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்படியானால் குற்றம் உங்கள் தெருவில் யாருடையதாகவும் இருக்கலாம். உங்களுக்கென்று தனி ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்குங்கள். மாதாமாதம் கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் கவுண்டரில் வந்து கத்துகிறவர்கள் குறைவார்கள்.

கேள்வி: எங்கள் பிரவுசிங் சென்டரில் மத்தியானம் திடீர் திடீரென்று பாதி கம்ப்யூட்டரில் நெட் நின்றுபோகிறது. கல்லூரிப் பையன் ஒருவன் சொந்த லேப்டாப் கொண்டுவந்து வயரைச் செருகி உட்காருகிறான். அவன் வந்தால்தான் இந்தக் கூத்து. அவன் எங்கள் நெட்டுக்குள் ஏதாவது கை வைக்கிறானா? கேட்கவும் சங்கடமாக இருக்கிறது.
– சென்டர் நடத்தும் சகோதரி, தக்கலை

பதில்: கேட்பதற்கு முன்னால் இரண்டு சோதனை செய்து பாருங்கள். நெட் நின்றுபோன கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘ஆல்’ சேர்த்துக் கொடுங்கள். அதில் டிஎச்சிபி சர்வர் என்று ஒரு வரி வரும். கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுத்தது யார் என்பது அதில் இருக்கும். அங்கே உங்கள் ரவுட்டரின் முகவரி இல்லாமல் 192.168.137.1 என்று இருந்தால் அந்தப் பையன் மேல் தப்பில்லை. விண்டோஸில் இணையத்தைப் பகிரும் வசதி ஆனில் கிடந்தால் அந்த லேப்டாப்பே தன்னை ரவுட்டர் என்று நினைத்துக்கொண்டு மற்ற கம்ப்யூட்டர்களுக்கு முகவரி வழங்க ஆரம்பித்துவிடும். அது ஆனில் கிடப்பது அவனுக்கே தெரிந்திருக்காது. தண்ணீர் கொடுத்து, அணைக்கச் சொல்லுங்கள், முடிந்தது.

டிஎச்சிபி வரி சரியாக இருந்தால் இரண்டாவது சோதனை. ‘ஏஆர்பி’ கட்டளையை ‘ஏ’ சேர்த்துக் கொடுங்கள். இடது பக்கம் ஐபி, வலது பக்கம் அதற்குரிய மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் பாகத்துக்கும் உள்ள அடையாள எண்) என்று பட்டியல் வரும். ரவுட்டரின் ஐபிக்கு எதிரே இருக்கும் மேக் முகவரியை, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். ஓரிரு எழுத்து மட்டும் வேறுபட்டால் பயமில்லை, ரவுட்டரின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் அப்படி வித்தியாசம் இருப்பதுண்டு. ஆனால் ரவுட்டரின் ஐபிக்கும் அந்த லேப்டாப்பின் ஐபிக்கும் எதிரே ஒரே மேக் முகவரி நின்றால், அது தற்செயல் இல்லை. ‘நான்தான் ரவுட்டர்’ என்று மற்ற கம்ப்யூட்டர்களிடம் பொய் சொல்லி, எல்லோருடைய போக்குவரத்தையும் தன் வழியாக இழுக்கிறான்.

இப்படிப் பொய் சொல்ல முடிவதற்குக் காரணம், ‘இந்த ஐபிக்கு உரிய மேக் எது?’ என்று கேட்டு அறியும் ஏஆர்பி என்ற முறை 1982-ல் வகுக்கப்பட்டது. ஒரு ஆபீஸில் நாலு பேர், எல்லோரும் தெரிந்தவர் என்ற காலம். யார் என்ன பதில் சொன்னாலும் நம்பிவிடும், சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது. அந்தச் சரிபார்ப்பை இன்றைக்கு சுவிட்ச் செய்கிறது. அமைப்பை மாற்றிக்கொள்ள வசதியுள்ள மேனேஜ்டு சுவிட்சில் ‘டிஎச்சிபி ஸ்னூப்பிங்’ போட்டால், முகவரி கொடுக்கும் உரிமை ரவுட்டர் செருகியிருக்கும் துளைக்கு மட்டும்தான். வேறு துளையிலிருந்து யார் கொடுத்தாலும் சுவிட்ச் விழுங்கிவிடும். அப்படிக் கொடுத்த முகவரிகளை அது ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளும். ஏஆர்பி சோதனையையும் சேர்த்துப் போட்டால், வருகிற ஒவ்வொரு ‘நான்தான் இன்னார்’ பதிலையும் அந்தப் பட்டியலோடு பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். பொய் சொன்னவனின் துளையையே சில சுவிட்சுகள் மூடிவிடும். வெளி லேப்டாப் செருகுவதற்கென்று ஒரு துளையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், இன்னும் நல்லது.

அப்புறம், ரிஜிஸ்டர் எழுதுகிறீர்கள்தானே? 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி வருகிறவரின் அடையாளத்தைப் பார்த்து, யார் எந்த நேரம் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தார் என்ற பதிவை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். ‘தெரிந்த பையன்தானே’ என்று சும்மா விடாதீர்கள். நாளைக்கு போலீஸ் வந்து கேட்டால் ஐபி உங்கள் பெயரில்தான் இருக்கும்.

கேள்வி: ஹாஸ்டல் வைஃபையில் என்மேப் பழகிப் பார்த்தேன். எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை. கொஞ்ச நேரத்தில் என் நெட் கட். மறுநாள் வார்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எப்படித் தெரிந்தது அக்கா? மேக் முகவரியை மாற்றிக்கொண்டால் தப்பலாமா?
– பொறியியல் மாணவன், நாகர்கோவில்

பதில்: தம்பி, நெட்வொர்க்கில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் என்மேப் மென்பொருள் 1997-லிருந்து இருக்கிறது. அதைப் பிடிக்கும் வித்தையும் கிட்டத்தட்ட அவ்வளவு பழசு. நீ ஒன்றும் சொல்லாமல் ஓட்டினால் அது ஒரு கம்ப்யூட்டரின் 1,000 போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும். உன் நண்பன் யாராவது ஒரு நிமிஷத்தில் 1,000 போர்ட் தட்டுகிறானா? ஒரு முகவரி, பல கதவு, பெரும்பாலும் மூடிய கதவு. இதைக் கண்டுபிடிக்க மூளையே தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். ஸ்நார்ட் மாதிரி மென்பொருள் 1998-லிருந்து இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. சில வளாகங்களில் யாருக்கும் வேலையில்லாத ஒரு முகவரியைச் சும்மா தூண்டில் போட்டு வைப்பார்கள். அதை யார் தொட்டாலும் மணி அடிக்கும், ஏனென்றால் அதைத் தொட யாருக்கும் காரணம் கிடையாது.

மேக் மாற்றுவதா? ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் உன் போனே வைஃபைக்கு வைஃபை ஒரு போலி மேக்கைத்தான் காட்டுகிறது. இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்று இருந்தால் அது போலி, கம்பெனி போட்டது அல்ல. அதனால் மேக்கை நம்பி யாரும் பிடிப்பதில்லை. நீ ஹாஸ்டல் வைஃபையில் உன் பதிவெண்ணும் பாஸ்வேர்டும் போட்டுத்தானே நுழைகிறாய்? எந்த மேக் மாட்டிக்கொண்டு வந்தாலும் அந்த நேரத்தில் அந்த மேக்கை யாருடைய பதிவெண் கொண்டு வந்தது என்று சர்வரில் எழுதியிருக்கும். வார்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதனால்தான்.

உடைக்கவில்லை என்கிறாய். அனுமதியில்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ அணுகுவதே 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. தட்டிப் பார்த்ததற்காக உன்னை யாரும் உள்ளே தள்ளப் போவதில்லை, ஆனால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று விளையாடாதே. லேப்டாப்பில் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு உள்ளேயே இரண்டு கம்ப்யூட்டர் வைத்துக்கொள். ஒன்றிலிருந்து தட்டு, இன்னொன்றில் ஸ்நார்ட் போட்டு நீ தட்டியது எப்படித் தெரிகிறது என்று பார். திருடன் பக்கத்தை மட்டும் படித்தவனைவிட இரண்டு பக்கமும் பார்த்தவனுக்குத்தான் வேலை கிடைக்கும்.

கேள்வி: நெட்வொர்க்கில் புகுந்த ஆளை முதன்முதலில் பிடித்தது யார்? ஓய்வு பெற்ற கணக்காசிரியன் என்பதால் ஆர்வம்.
– வாசகர், குளச்சல்

பதில்: முதல் ஆள் என்று அடித்துச் சொல்ல முடியாது சார், ஆனால் கணக்காசிரியருக்குப் பிடித்த மாதிரி ஒரு கதை உண்டு. 1986-ல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் நேரத்துக்குக் காசு கணக்கு வைப்பார்கள். அதில் 75 சென்ட் உதைத்தது. வானியல் படித்துவிட்டு அங்கே கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த கிளிஃபோர்ட் ஸ்டோல் அதைத் துருவிக்கொண்டே போனார். வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் பிரிண்டர்களைக் கட்டி, புகுந்தவன் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் பிடித்தார். ஆள் சீக்கிரம் இணைப்பைத் துண்டித்துவிடுவதால் தடம் பிடிக்க நேரம் போதவில்லை. அதற்காக ரகசிய ராணுவத் திட்டம் போலப் பொய்க் கோப்புகள் தயாரித்து வைத்தார். ஆசாமி அதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் அவன். எடுத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்தவன்.

அடுத்த ஆண்டு, 1987-ல், டோரதி டென்னிங் என்ற அம்மையார் ஒரு கட்டுரையில் இதற்கு இலக்கணம் வகுத்தார். ஒவ்வொருவரின் வழக்கத்தையும் கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளட்டும், வழக்கம் மீறினால் கூவட்டும் என்பது சாரம். உங்களுக்கு ஒரு கணக்கு தருகிறேன். ஒரு நெட்வொர்க்கில் நாளைக்கு 10 லட்சம் இணைப்பு, அதில் உண்மையான திருட்டு 10. காவல் மென்பொருள் ஆயிரத்துக்கு ஒன்றுதான் தப்பாகக் கூவும் என்று வையுங்கள், கேட்க அருமையாக இருக்கும். ஆனால் நாளைக்கு ஏறக்குறைய 1,000 பொய் மணி அடிக்கும், உண்மை மணி பத்து. மணியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊழியர் ஒருநாள் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார். பெரிய நிறுவனங்களில் திருட்டு தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் வீட்டில்தான் இருக்கிறேன். ‘கொச்சியிலிருந்து உங்கள் மெயிலுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள்’ என்று எச்சரிக்கை வருகிறது. என் கணக்கு போய்விட்டதா?
– இல்லத்தரசி, மார்த்தாண்டம்

பதில்: அநேகமாக அந்த ‘யாரோ’ நீங்கள்தான் அக்கா. ஐபியை வைத்து ஊர் சொல்வது ஒரு உத்தேசம். நெட் கம்பெனியின் வாசல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரைத்தான் பெரும்பாலும் காட்டும். களியக்காவிளைப் பக்கம் போனால் போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்வதும் உங்களுக்குத் தெரிந்ததுதானே. எச்சரிக்கையில் ஊரை விட்டுவிட்டு நேரத்தையும் போன் மாடலையும் பாருங்கள். நீங்கள் மெயில் பார்த்த நேரமும் உங்கள் போனும் என்றால் கவலையை விடுங்கள். கேள்விப்படாத மாடல் என்றால் உடனே பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்தி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். ஒன்று மட்டும்: எச்சரிக்கை மெயிலிலேயே இருக்கும் பொத்தானைத் தொடாமல், நீங்களாக மெயில் கணக்குக்குள் போய் பாருங்கள். போலி எச்சரிக்கைகளும் இதே உடையில்தான் வருகின்றன. பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930-க்கு அடியுங்கள்.

கேள்வி: மாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வைஃபை கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பிடிக்காமல் இருக்க வைஃபை பெயரை மறைத்து வைத்தேன். போதுமா?
– வீட்டுக்காரர், குழித்துறை

பதில்: போதாது. மறைத்த பெயரை உங்கள் போனே போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டு போகும். ரவுட்டரில் பாஸ்வேர்ட் அடிக்காமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணையுங்கள். அதன் 8 இலக்க எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சோதிப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியான விஷயம். வைஃபையைப் பூட்டும் புது முறையான டபிள்யூபிஏ3 இருந்தால் அதைப் போடுங்கள். பழைய முறையில் பாஸ்வேர்ட் தெரிந்த மாடிக்காரர், உங்கள் போன் இணையும் நொடியைப் பிடித்துவிட்டால் உங்கள் வைஃபை பேச்சைப் பிரித்துப் படிக்க வழி உண்டு, புதியதில் அது நடக்காது. மாடிக்கு கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனிப் பாஸ்வேர்டோடு கொடுங்கள். வாடகைக்காரர் மாறும்போது மறக்காமல் அதையும் மாற்றுங்கள்.